கற்பூரம் அணைத்துச் சொன்ன பொய்

சுதாகருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் உன்னிடம் பேச எனக்கு மூன்று பேச்சுக்கு மேல் வராது. சாப்பிட்டியா, வேலை எப்படிப் போவுது, இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுதினால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கல்யாணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல எட்டு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உனக்கு மட்டும் எழுதுவதில்லை. ஒரு படி எடுத்து நம் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப் போகிறேன். உன்மேல் பழி விழுந்தது நடுத்தெருவில். அதை உறைக்குள் போட்டுத் தபாலில் துடைக்கப் பார்த்தால் அது இன்னொரு ஏமாற்று வேலை. இதில் ஒருவருடைய பெயர் மட்டும் இருக்காது. அவர் என்றுதான் எழுதுவேன்; இப்போது அவர் இருக்கும் இடமும் வேலையும்கூடப் போர்டில் ஒட்டுகிற படியில் இருக்காது. அவர் கேட்டுக்கொண்டது அது.

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதியின் அப்பா முதலியார்பேட்டையிலிருந்து வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக என் இன்ஜின் கொட்டகைக்கு வந்துவிட்டார். நான் ஒரு பைபர் போட்டின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், கை முழுக்க கிரீஸ். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "சம்பந்தி, தெருவுல நாலு பேர விசாரிச்சேன். பையன் தங்கம்ங்கறாங்க. ஆனா ஒண்ணு சொன்னாங்க. ஆஸ்பத்திரியில டிரெய்னிங்ல இருந்தப்ப, எய்ட்ஸ் மாத்திரை வாங்க வந்த ஒருத்தர் விஷயத்த ஊர்ல சொல்லிட்டாராமே? அந்தக் குடும்பம் ஊர விட்டே போயிடுச்சாமே? எங்க பொண்ணும் லேப்லதான் இருக்குது. நோயாளி விஷயத்தையே காப்பாத்தாத ஆளு, நாளைக்கு வீட்டு விஷயத்த எப்பிடிங்க காப்பாத்துவாரு?" என்று கேட்டார். எட்டு வருஷமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப அவனுக்கு இருபது வயசுங்க. சின்னப் பையன், வாய் தவறிடுச்சு. இப்பெல்லாம் அப்பிடி இல்லீங்க" என்றேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ உனக்காகப் பரிந்து பேசுகிறவன் மாதிரி.

ரேவதியின் அப்பா, "பத்திரிகை அடிக்கறத கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினாய். ரேவதி வீட்டில் யோசிக்கிறார்கள் என்று சொன்னாய். பிறகு, "பரவால்லப்பா, விடுங்க. நடக்கறது நடக்கட்டும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். நீ கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு மறுபடி வேலைக்குப் போயிருப்பேன். அந்தப் பரவால்லப்பாதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கையைப் பற்றி ஊரில் சொல்வார்கள், கேட்டிருப்பாய். ஆடி மாசத்தில் செடல் குத்த என்னிடம்தான் வருவார்கள். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிறவர்கள், ஆட்டோவை இழுக்கிறவர்கள், உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் தொங்கவிடுகிறவர்கள், கன்னத்தில் வேல் குத்திக்கொள்கிறவர்கள் என்று ஒரு காலையில் நாற்பது ஐம்பது பேர். மற்ற நாளெல்லாம் என்னை இன்ஜின் மெக்கானிக் என்பார்கள். அன்றைக்கு மட்டும் சாமி என்பார்கள், கால் தொட்டுக் கும்பிடுவார்கள். நான் குத்தினால் ரத்தமே வராது என்று ஒரு பெயர் எனக்கு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும்.

ரத்தம் வரும், சுதாகர். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு வரும். வந்தால் விரதத்தில் குறை என்று ஊர் பேசும், குத்தியவன் கையிலும் குறை என்று பேசும். அதனால் ஒரு பொட்டு எட்டிப் பார்த்ததும் கட்டை விரலால் அழுத்தித் துடைத்து, விபூதியை அப்பி, பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிடுவேன். அந்தக் கொக்கியைக் கழற்றியதும் எலுமிச்சம்பழத்தில் ஒரு குத்துக் குத்தி எடுத்து, இடுப்புத் துண்டில் துடைத்து அடுத்த ஆளுக்கு மாட்டுவேன். என் அப்பா அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். ரத்தமே வராத இடத்தில் நோய் எப்படித் தொற்றும் என்று நானே நம்பினேன். துடைத்ததும் நான்தான், வரவில்லை என்று நம்பியதும் நான்தான். இதைவிட முட்டாள்தனம் உண்டா சொல்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், காப்புக் கட்டிய மறுநாள், பெயர் எழுத மாட்டேன் என்றேனே, அவர் என் கொட்டகைக்கு வந்தார். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார், ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, நின்றபடியே சொன்னார். "அண்ணே, இந்த வருஷம் நானும் செடல் போடறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கும் எங்க வீட்டுலயும் எச்.ஐ.வி. இருக்குது. மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறோம். அவ உண்டாயிருந்தப்பவும் மாத்திரைய விடல. கொழந்தைக்கு ஒன்றரை வயசுல கடைசி டெஸ்ட் எடுத்தாங்கண்ணே. பாப்பாவுக்கு இல்ல. அதுக்குத்தான் நேந்துகிட்டேன்." பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பளபளவென்று புதுக் கொக்கிகள். "எனக்கு இத குத்துங்க. குத்தினத வேற யாருக்கும் போடாதீங்க. முடிஞ்சதும் எங்கிட்டயே குடுத்துடுங்க, ஆஸ்பத்திரியில ஊசி போடற டப்பாவுல போட்டுடறேன்."

நான் எத்தனையோ வருஷமாகக் குத்துகிறேன். என்னிடம் வந்து நின்ற அத்தனை பேரிலும் இன்னொருவருக்கு ஆபத்து வரக்கூடாதே என்று யோசித்த ஒரே ஆள் அவர்தான். அவர் சொல்லாமலே வரிசையில் நின்றிருக்கலாம், எனக்கு என்ன தெரியப் போகிறது? நம்பிச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு அவர் கை வைத்திருந்த மேஜையை டீசல் ஊற்றித் துடைத்தேன். இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அந்தத் தலைவர் இப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குற்றம் சொல்லப் போவதில்லை. ஊசியெல்லாம் தீட்டாகிவிடும், ஜனம் பயப்படும், என்னால் குத்த முடியாது, நீங்களே எப்படியாவது தடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். பயம் இருந்தது நிஜம். ஆனால் பயம் மட்டுமில்லை. இப்படிப்பட்ட ஆள்மேல் என் கை பட்டது என்று தெரிந்தால் எனக்கு இருக்கும் பெயர் போய்விடுமே என்பதுதான் பெரிதாக இருந்தது. தலைவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பிடி வந்துச்சாம்?" நானும் ஒரு நமட்டுச் சிரிப்புச் சிரித்து, "நமக்கென்ன தெரியும், ஆட்டோக்காரன்" என்றேன். எப்படி வந்தது என்று அவர் என்னிடம் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நானாக ஒரு கதையைக் கட்டி அந்தச் சிரிப்புக்குள் வைத்து அனுப்பினேன். நாலு நாளில் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

செடல் அன்றைக்கு நீயும் கூட இருந்தாய். மஞ்சள் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு குத்தியவர்கள் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தாய். அவர் ஈர வேட்டியோடு வரிசையில் வந்தார். பின்னால் அவர் மனைவி, இடுப்பில் குழந்தை, அதற்கும் ஒரு குட்டி மஞ்சள் பாவாடை கட்டி விட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள், பின்னால் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். அவர் ஒன்றும் புரியாமல் என் முன்னால் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தார். தலைவர்தான் பேசினார், "தம்பி, நீ ஓரமா போயிடு. மடியில வெச்சிருக்கியே அந்த ஊசி, அத இங்க எடுக்காத" என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து, "அடுத்த ஆளு வா" என்றேன்.

அவ்வளவுதான் நான் அவரிடம் பேசியது. அடுத்த ஆள் வந்தார், அவருக்கு அடுத்தவர் வந்தார். ஒரே செட்டுக் கொக்கியை எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்தி நாற்பது பேருக்கு மாட்டினேன். தனக்கு இருப்பது தெரிந்து, மாத்திரை சாப்பிட்டு, சொந்தமாகக் கொக்கி கொண்டுவந்த ஒருவரை விரட்டிவிட்டு, தனக்கு என்ன இருக்கிறது என்றே தெரியாத நாற்பது பேரின் ரத்தத்தை ஒரே இரும்பில் கலந்தேன். ஊரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு வேறு. அந்த நாற்பது பேரில் நம் சொந்தக்காரர்களே ஒன்பது பேர்.

அன்று மாலை அவர் நம் தெருவுக்கு வந்தார். குடித்திருக்கவில்லை, கத்தவில்லை. கூட்டம் கூடிவிட்டது. "எங்க விஷயம் இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு அண்ணனுக்கு, நானே சொன்னேன். இன்னொண்ணு அவரு பையனுக்கு, மாத்திரை வாங்கற எடத்துல என்ன பாத்திருக்கான். யார் சொன்னீங்க?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கற்பூரம் கொண்டுவந்தேன். கோயில் பக்கம் திரும்பி, வாசல் படியில் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அம்மன் மேல சத்தியமா நான் சொல்லல" என்றேன். அன்று காலையில்தான் அம்மன் பெயரைச் சொல்லி நாற்பது பேருக்குக் குத்திய கை. அந்தக் கை பொய் சொல்லும் என்று யார் நினைப்பார்கள்? அவரே நம்பிவிட்டார். மீதி இருந்தது நீ மட்டும்தான். அதையும் அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேனா? இல்லை. உன் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏன்டா, நீயா சொன்ன?" என்று கேட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாய். பயந்துவிட்டாய் என்றுதான் அப்போது நினைத்தேன், சின்னப் பையன் பேச வராமல் போனது எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் புகார் கொடுத்தார். உன் டிரெய்னிங்கை நிறுத்திவிட்டார்கள். படிப்பு பாதியில் நிற்க, நீ மெட்ராசுக்குப் பஸ் ஏறினாய். அங்கே ஏதோ கம்பெனிக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு வருஷம் கழித்துப் படிப்பை முடித்தாய். அவர்கள் ஆறு மாசத்துக்குள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். ஆட்டோவில் ஏறப் பயந்தார்கள் ஊர்க்காரர்கள், அப்புறம் அவர் என்ன செய்வார்? உன் அம்மா, "நம்ம புள்ள வாயால ஒரு குடும்பம் போச்சே" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "விடு, வயசு அப்பிடி" என்று அவளைத் தேற்றினேன். அந்தக் கொழுப்பை என்னவென்று சொல்வது?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து, அலகு குத்துகிறவர்களை எல்லாம் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு ஊசி, போட்டதைத் திரும்பத் தொடாதே, கையுறை போடு என்றார். தொட்டால் வராது, கூட உட்கார்ந்தால் வராது, கொசு கடித்தால் வராது, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் வராது என்றார். எலுமிச்சம்பழமும் விபூதியும் கிருமியைக் கொல்லாது என்றும் சொன்னார். கூட்டம் முடிந்ததும் தனியாகப் போய், இத்தனை வருஷம் ஒரே கொக்கியால் குத்தியிருந்தால் என்ன ஆகும் என்று யாரோ ஒருவருக்காகக் கேட்பது போலக் கேட்டேன். "எச்.ஐ.வி. பரவ வாய்ப்பு கொறச்சல்தான் ஐயா, ஆனா இல்லேன்னு சொல்ல முடியாது. மஞ்சள் காமாலைக் கிருமிக்கு இன்னும் ஜாஸ்தி. குத்தறவங்க கையிலயும் ஊசி பட்டிருக்குமே, நீங்க டெஸ்ட் எடுத்துட்டீங்களா?" என்று என்னையே கேட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க நம்பிக்கை மையம் என்று ஒரு அறை இருக்கிறதே, உனக்குத் தெரியாததா, அங்கே போய் உட்கார்ந்தேன். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த குருசுக்குப்பத்து ஆள் ஒருத்தன் தூரத்தில் வந்தான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் பார்த்திருந்தால் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும், எப்பிடி வந்துச்சாம் என்றுதான் கேட்பான். முக்கால் மணி நேரம் அந்த பெஞ்சில் இருந்ததற்கே எனக்கு வேர்த்து ஊற்றியது. அவர் மூன்று வருஷமாக மாசா மாசம் அங்கே வந்து நின்றிருக்கிறார், அதற்குப் பிறகும் தைரியமாக வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு புதுக் கொக்கி போட்டேன், கையுறை போட்டேன், முன்பு என்னிடம் குத்திக்கொண்டவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து டெஸ்டுக்கு அனுப்பினேன். அவர்களுக்கும் என் புண்ணியத்தில் எதுவும் வரவில்லை என்றுதான் சொன்னார்கள், என் புண்ணியம் என்று எதைச் சொல்வது, தப்பித்தார்கள். ஊசி விஷயத்தில் திருந்திவிட்டேன். உன் விஷயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை. தெரியாமல் செய்ததை ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது, தெரிந்தே செய்ததுதான் தொண்டையில் நின்றது.

புதன்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கத்துவாள், அரிவாள்மணையைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். "எட்டு வருஷம் எம் புள்ளைய நான் தப்பா நெனச்சிட்டேனே. தீவாளிக்கு வந்தப்பக்கூட 'இனிமேயாவது வாய அடக்கிக்கடா'ன்னு சொன்னேன். சிரிச்சுகிட்டே சரிம்மான்னான்" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றைக்கு நாலாவது நாள். சோறு வைக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் முதலியார்பேட்டைக்குப் போனேன். ரேவதியின் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க. கல்யாணம் நிக்கப் போவுதுன்னதும் பையனக் காப்பாத்த பழிய உங்க தலையில போட்டுக்கறீங்களோ என்னமோ. நான் எத நம்பறது?" என்றார். பொய் சொன்னபோது ஊரே நம்பியது, உண்மையைச் சொன்னபோது ஒரு ஆள் நம்பவில்லை. எனக்கு அது வேண்டியதுதான், ஆனால் உனக்கு வேண்டியதில்லையே. இதில் சாட்சி சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் மூலக்குளத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வெள்ளிக்கிழமை போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே ஒரு பெண் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நன்றாகத்தான் இருக்கிறார், கொஞ்சம் பூசினாற்போல. இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "என்ன அண்ணே, கற்பூரம் எடுத்துகிட்டு வந்தீங்களா?" என்றார். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னேன். நான்தான் தலைவரிடம் சொன்னேன், பொய்ச் சத்தியம் பண்ணினேன், என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் கல்யாணம் இதனால் நிற்கப் போகிறது, நீ மனசு வைத்தால்தான் உண்டு என்றேன். மன்னித்துவிடு என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

"நீங்கதான்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். "மடியில வெச்சிருந்த பொட்டலத்த அன்னிக்கி நான் வெளியவே எடுக்கல. அதுக்குள்ள 'அந்த ஊசிய எடுக்காத'ன்னு தலைவர் சொன்னாரு. புது ஊசி வாங்கினத உங்க ஒருத்தர்கிட்டதானே நான் சொன்னேன்? ஆனா கோவத்துல இது ஒறைக்கல. யோசிச்சுப் பாக்கறதுக்குள்ள உங்க பையன் மறுநாள் காலையிலேயே வந்துட்டான். 'அண்ணே, நான்தான் சொல்லிட்டேன், எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, என்ன வேணா பண்ணுங்க'ன்னு நின்னான். அவன் வாயால சொன்னதுக்கு அப்புறம்தான் நான் கம்ப்ளெயிண்ட் குடுத்தேன். தலைவர் சொன்ன ஊசி விஷயம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒறைச்சுது."

நான் உன்மேல் பழியைத் தள்ளினேன் என்றுதான் இத்தனை நாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அதை நடந்துபோய் வாங்கிக்கொண்டது எனக்குத் தெரியாது. கற்பூரம் அணைத்துப் பொய் சொன்னவன் என்று தெரிந்தால் ஊர் என்னை என்ன செய்யும் என்று யோசித்தாயா? நான்தான் சொன்னேன் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? நான் உன் கண்ணைப் பார்க்காமல் கேட்டதிலேயே தெரிந்துவிட்டதா? கம்ப்ளெயிண்ட்டைத் திரும்ப வாங்குகிறேன் என்று அவர் பிறகு ஒருமுறை உன்னைத் தேடி மெட்ராசுக்கே வந்தாராமே, வேண்டாம் என்றாயாமே. இருபது வயசில் உனக்கு இருந்தது ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு இல்லையே, தம்பி.

அங்கேயே, என் எதிரிலேயே, அவர் ரேவதியின் அப்பாவுக்குப் போன் போட்டார். "நான்தாங்க அந்த ஆளு. அந்தப் பையன் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. அவன் மாதிரி ஒருத்தன் கெடைக்கறதுக்கு உங்க பொண்ணு குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். அவர் தன் விஷயத்தை இன்னொரு முறை, முகம் தெரியாத ஒருவரிடம், என் மகனுக்காகச் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் பத்திரிகைக்கு ஊர் பெயர்கள் சரிபார்க்க ரேவதி வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஊருக்கு எழுதி ஒட்டப் போகிறேன் என்றபோது அவர் ஒன்றுதான் கேட்டார். "எழுதுங்க. எம் பேரு வேணாம். எம் பொண்ணு நாலாவது படிக்கறா." இந்த ஆடிக்கு நான் யாருக்கும் குத்தப் போவதில்லை. பெட்டியையும் கையுறைகளையும் கமிட்டியில் ஒப்படைத்துவிட்டேன், ஆளுக்கொரு கொக்கி இல்லையென்றால் செடலே வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

அப்பனாக உனக்கு ஏதாவது புத்தி சொல்லித்தான் கல்யாணத்துக்கு அனுப்ப வேண்டும், எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் சொல்கிறேன். நீயும் ரேவதியும் சேர்ந்து போய் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஜாதகம் பார்த்தோமே, இதையும் பார்ப்பதில் வெட்கம் என்ன. உன் லேபில் யாராவது ரிப்போர்ட் வாங்க வந்து நடுங்கிக்கொண்டு நின்றால் எப்படி வந்தது என்ற கேள்வி உன் கண்ணில்கூடத் தெரிய வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் கூடப் படுக்கிற துணைக்குக்கூடப் பரவாது என்று அந்தச் சுகாதாரத் துறை அம்மா சொன்னார், அதை அவர்களிடம் முதலில் சொல். பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொல், வீட்டுப்பாடம் எழுதுகிற ஒரு பெண்ணை நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இதெல்லாம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்பா சொன்னான் என்று இருக்கட்டும்.

நான் கிளம்பும்போது அவர் கேட்டைத் திறந்து வெளியே வந்தார். "ஒண்ணு சொல்லணும் அண்ணே" என்றார். "மெட்ராஸ்ல அவனப் பாத்தப்ப, நீங்க இங்க வரமாட்டீங்கன்னு நான் அவன்கிட்ட அடிச்சுச் சொன்னேன். 'இல்லண்ணே, எங்கப்பா வருவாரு. லேட்டாவும், ஆனா வருவாரு. அவரே வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னான். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்ணுவான். எங்க ஒடம்பப் பத்திக் கேப்பான், பாப்பா படிப்பக் கேப்பான், கடைசியில 'எங்கப்பா வந்தாராண்ணே?'ன்னு கேப்பான். இந்தப் பொங்கலுக்கும் பண்ணினான். எல்லாத்தையும் கேட்டான். அத மட்டும் கேக்கல."

அவருக்கு ஒரு போன் பண்ணு, சுதாகர். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்.

அப்பா